மலபார் போலீஸ் யாரை அடக்க வந்தது?

1921இல் மலபாரில் மாப்பிளைக் குடியானவர்கள் ஜென்மிகளுக்கும் வெள்ளைக்காரனுக்கும் எதிராகக் கிளம்பினார்கள். சாதாரணப் போலீசால் ஆகாது என்று சென்னை சர்க்கார் அந்த வருசமே ஒரு தனிப்படை கட்டியது: மலபார் ஸ்பெஷல் போலீஸ். தலைமையிடம் மலப்புரம். பேருக்குத்தான் போலீஸ், கம்பெனி கம்பெனியாகப் பிரித்த பட்டாளம். மறுவருசமே, ராம்பா மலையில் அல்லூரி சீதாராம ராஜூவோடு நின்ற பழங்குடிகள் மேல் அதை ஏவினார்கள்.

வெள்ளைக்காரன் போனான், படை போகவில்லை. 1948இல் கீழத்தஞ்சையில் வந்து இறங்கியது. காட்டேரிக்குப்பம் அப்போது பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் இருந்த ஊர். அதனால் இந்தக் கதையை நான் கீழத்தஞ்சைத் தோழர்கள் சொல்லித்தான் கேட்டேன்.

அங்கே கலகக்காரன் யார்? பெரும்பாலும் நம்ம சனம், பண்ணையாள். விடியுமுன் வயலில் இறங்கி இருட்டியபின் கரையேறினவன். நேரமானால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். மாட்டுச் சாணியைக் கரைத்து மனுசன் வாயில் ஊத்துவதற்கு மிராசுதார் வைத்த பேர் தண்டனை. பி. சீனிவாசராவ் வந்து செங்கொடிச் சங்கம் கட்டினபிறகு, குடிக்க மாட்டோம், கூலி நெல்லைக் கூட்டு என்று கேட்டார்கள். 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தமும் ஆனது, சவுக்கும் சாணிப்பாலும் இனி கிடையாதென்று. அந்தச் சங்கத்தை ஒடுக்கத்தான் நாலு வருசம் கழித்து மலபார் போலீஸ் சேரிக்குள் புகுந்து வீடு வீடாகத் தேடியது.

களப்பால் குப்பு 1948இல் திருச்சி சிறையில் செத்தார். வாட்டாக்குடி இரணியனையும் ஜாம்பவானோடை சிவராமனையும் 1950 மே மாதம் போலீஸ் சுட்டுக் கொன்றது. இந்த ரெண்டு பேரும் சேரியில் பிறந்தவர்களில்லை. சேரிக்காக நின்றவர்கள். அதையும் சொல்லித்தான் ஆகணும்.

1952இல் ராஜாஜி சர்க்காரே தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நினைத்தபோது பண்ணையாளை விரட்டக்கூடாது, கூலி இவ்வளவு தரணும் என்றது அந்தச் சட்டம். ரெண்டு வருசம் முந்தி இதைக் கேட்டவனுக்குத்தான் துப்பாக்கி.

1956இல் மலபார் கேரளத்தோடு போனது. மலப்புரத்தில் அந்தப் படை இன்னும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சேரி சனம் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். மிராசுதார்களை அடக்க எந்தத் தனிப்படையும் கட்டவில்லை. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.