சர்க்கரையும் காகிதமும்: இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் கேக் அலங்காரமும் வாழ்த்து அட்டையும் வளர்ந்த வரலாறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் இங்கிலாந்தின் வீடுகளில் இரண்டு கைவேலைகள் நடக்கும். பல வாரங்களுக்கு முன்பே சுட்டு, அவ்வப்போது பிராந்தி விட்டு ஊறவைத்த பழக் கேக்கின் மேல் பாதாம் விழுதும் வெள்ளை ஐசிங்கும் பூசி அலங்கரிப்பது ஒன்று. பிள்ளைகளோடு உட்கார்ந்து காகிதம் வெட்டி ஒட்டி வாழ்த்து அட்டை செய்வது மற்றொன்று. கடைச்சரக்கு பெருகுவதற்கு முன்பே இருந்த பழைய வீட்டு வழக்கங்கள் என்று இவ்விரண்டையும் பலரும் நம்புகிறார்கள். கிடைக்கும் சான்றுகளோ நேர்மாறாக இருக்கின்றன. கேக் வீட்டில் வெந்த காலத்திலும் அதன் அலங்காரம் கடைக்காரரின் தொழிலாகவே இருந்தது. அட்டையும் அச்சகத்திலிருந்து கடைவழியாகத்தான் வந்தது. இவை வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். வந்த பிறகும் வாங்கியதும் கையால் செய்ததும் கலந்தே இருந்தன. இவ்விரு கலைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வளர்ந்தன என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

அவரை விதையும் பெயர்ச்சீட்டும்

இன்றைய கிறிஸ்துமஸ் கேக்கின் முன்னோடி கிறிஸ்துமஸ் நாளுக்கு உரியதே அல்ல. ஜனவரி 6, கீழ்த்திசை ஞானியர் குழந்தை இயேசுவைக் கண்டு வணங்கிய திருக்காட்சித் திருநாள். பன்னிரண்டு நாள் கொண்டாட்டத்தின் முடிவான அந்த விருந்துக்குப் பெரிய பழக் கேக் ஒன்று செய்வார்கள். அதற்குள் ஓர் அவரை விதையும் ஒரு பட்டாணியும் புதைந்திருக்கும். தன் துண்டில் அவரை கிடைத்தவர் அன்றிரவுக்கு அரசர்; பட்டாணி கிடைத்தவர் அரசி.

லண்டனில் கடற்படை அலுவலகத்தில் உயர்பதவி வகித்த சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பில் இந்தக் கேக் சில முறை வருகிறது. 1668 ஜனவரி 6 அன்று, வீட்டுப் பணிப்பெண் ஜேன் செய்த கேக்குக்கு ஏறத்தாழ 20 ஷில்லிங் செலவானதை அவர் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டுக் குறிப்பு இன்னும் அருமையானது. விதையைத் தேடிக் கேக்கைக் குலைக்க வேண்டாம் என்று, பட்டப் பெயர்களைச் சீட்டுகளில் எழுதித் தொப்பிக்குள் போட்டு எடுத்தார்களாம். இது புது வழக்கம் என்றும் சொல்கிறார். பீப்ஸுக்கே அரசிச் சீட்டு விழுந்தது!

இந்தச் சிறு குறிப்பு மிக முக்கியமானது என்பது என் கருத்து. கேக்குக்குள் இருந்த விதையின் வேலையைக் காகிதம் எடுத்துக்கொண்டது. விளையாட்டு வெளியேறிய பின் கேக்கின் உட்பகுதி உண்பதற்கு மட்டுமே ஆனது. மேற்பரப்பு பார்த்து வியப்பதற்கான இடமாக மாறத் தொடங்கியது. அந்தச் சீட்டுகளும் கையெழுத்துத் துண்டுகளாக நின்றுவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள், அரசர் அரசியோடு வேடிக்கைப் பெயர் கொண்ட பல பாத்திரங்களையும் வண்ணப் படங்களாக அச்சிட்ட தாள்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. தாளை வெட்டி, மடித்து, ஆண்களுக்குத் தொப்பியிலும் பெண்களுக்குக் கைப்பையிலும் போட்டுக் குலுக்குவார்கள். எடுத்த பாத்திரமாகவே நள்ளிரவு வரை நடிக்க வேண்டும். பண்டிகைக்கென்று அச்சிட்டு, கடையில் வாங்கி, வீட்டில் கத்தரியால் வெட்டிப் பயன்படுத்திய வண்ண அட்டை கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு முன்பே கேக்கின் துணையாக வந்துவிட்டது.

1825-இல் வில்லியம் ஹோன் வெளியிடத் தொடங்கிய ‘எவ்ரி டே புக்’ லண்டன் மிட்டாய்க் கடைகளின் ஜனவரி 6 மாலையை விரிவாக வருணிக்கிறது. விளக்கொளியில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் கேக்குகள் அடுக்கியிருக்கும். அவற்றின் மேல் சர்க்கரையில் செய்து வண்ணம் தீட்டிய கோட்டைகள், அரசர்கள், சிங்கங்கள், பால்காரிகள், பாம்புகள். வாய்பிளந்து நிற்கும் கூட்டத்தின் கோட்டு நுனிகளைக் குறும்புப் பையன்கள் சன்னல் சட்டத்தில் ஆணியால் அடித்துவிடுவார்கள். அலங்கரித்த கேக் அன்று தெருவில் நின்று பார்க்கும் காட்சி. வாங்க வசதியில்லாதவரும் பார்க்கலாம். வீட்டில் அதைப் பொதுவாகச் செய்வதில்லை.

இதன் ஒரு கிளை மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. பேஸ்ட்ரி சமையல்காரராக இருந்து நடிகரான ராபர்ட் பேட்லி 1794-இல் இறந்தபோது, டிரூரி லேன் நாடக அரங்கின் கலைஞர்களுக்கு ஆண்டுதோறும் ஜனவரி 6 அன்று கேக்கும் மதுவும் வழங்க 100 பவுண்டு எழுதி வைத்தார். அந்த அரங்கில் இன்றும் பேட்லி கேக் வெட்டுகிறார்கள்.

வெள்ளைப் பூச்சு

பழைய ஐசிங் எளிமையானது. முட்டை வெள்ளைக்கருவையும் பொடித்த சர்க்கரையையும் பன்னீர் விட்டு நெடுநேரம் அடித்து, வெந்த கேக்கின் மேல் இறகாலோ தூரிகையாலோ பூசி, மறுபடி மிதமான சூட்டில் அடுப்புக்குள் வைத்து உலர்த்துவார்கள். கண்ணாடிபோல் மினுக்கும்; ஆனால் மெல்லியது. அதன் மேல் எதையும் கட்டி எழுப்ப முடியாது.

பெரிய மாற்றம் 1769-இல் எலிசபெத் ராஃபால்ட் எழுதிய ‘எக்ஸ்பீரியன்ஸ்ட் இங்கிலிஷ் ஹவுஸ்கீப்பர்’ நூலில் பதிவாகிறது. திருமணக் கேக்குக்கு முதலில் பாதாம் விழுது, அதன் மேல் சர்க்கரை ஐசிங் என்ற இரட்டைப் பூச்சை அவர் அங்கே தருகிறார். பழக் கேக்கின் மேற்பரப்பு கரடுமுரடானது. அதன் ஈரமும் நிறமும் கசிந்து வெள்ளையைக் கறையாக்கும். நடுவில் வரும் பாதாம் அடுக்கு பரப்பைச் சமப்படுத்துகிறது, கசிவைத் தடுக்கிறது. பிற்காலக் கிறிஸ்துமஸ் கேக்கின் அமைப்பு முழுவதும் இதன்மேல் நிற்கிறது. ராஃபால்ட் செஷயரில் ஆர்லி ஹால் மாளிகையின் வீட்டு நிர்வாகியாக இருந்தவர். பிறகு மான்செஸ்டரில் சொந்தமாக மிட்டாய்க் கடை நடத்தியவர். மாளிகைச் சமையலறை, கடை, அச்சு நூல் என மூன்றையும் ஒரே பெண் இணைத்ததால்தான் தொழிற்கூடத்து நுட்பம் குடும்பப் பெண்கள் வாசிக்கும் பக்கத்துக்கு வந்தது. சமையல் வரலாற்றில் அவருக்கு இன்னும் பெரிய இடம் தர வேண்டும்.

உருவங்கள் செய்வது வேறு கலை. சர்க்கரையோடு டிராககாந்த் என்னும் மரப்பிசினைச் சேர்த்துப் பிசைந்தால் களிமண்போல் வளையும், உலர்ந்தால் பீங்கான்போல் இறுகும். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்முறை நூல்களிலேயே இது உண்டு. செதுக்கிய மர அச்சுகளில் அழுத்தி எடுப்பார்கள். இந்த அச்சுகள் விலையுயர்ந்தவை, கைமாறிக் கைமாறித் தொழிலாளர் குடும்பங்களில் இருந்தவை. வீட்டுப் பெண்ணின் கைக்கு எட்டியது இதுவல்ல, பின்னால் வந்த பிழிந்து வரையும் முறைதான். வழவழப்பான தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை வெட்டி, கெட்டியான ஐசிங்கை நிரப்பி அழுத்தினால் கோடு வரும், எழுத்து வரும், பூ வரும். இங்கும் சர்க்கரைக்குக் காகிதமே கருவியானது. ஜோசப் லாம்பெத் 1934-இல் வெளியிட்ட நூல், கோட்டின் மேல் கோடு பிழிந்து புடைப்பு வேலை செய்யும் தொழில்முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனது.

இந்த வெள்ளைக்குப் பின்னால் இருந்த இருட்டை விட்டுவிட்டு இவ்வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் கடைகளின் சர்க்கரை ஜமைக்கா, பார்படோஸ் போன்ற தீவுகளில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பு. 1791-இல் அடிமை வணிகத்தைத் தடுக்கும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் தோற்றபோது, பல குடும்பங்கள் மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்குவதையே நிறுத்தின. வாக்குரிமை இல்லாத பெண்கள் சமையலறையில் இருந்தே நடத்திய போராட்டம் அது. அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833-இல் வந்தது. முழு விடுதலை 1838-இல்தான். சர்க்கரை மீதான வரி 1874-இல் நீங்கியது. ஐசிங் உழைக்கும் குடும்பங்களுக்கும் எட்டியது அதன் பின்புதான்.

1843

வாழ்த்து அட்டையின் கதையும் பெரும்பாலும் விலையின் கதையே. 1840-க்கு முன் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவரே கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு ரோலண்ட் ஹில்லின் ஒரு பென்னி அஞ்சல் வந்தது. அதற்காக உழைத்தவர்களில் ஒருவர் ஹென்றி கோல். 1843 கிறிஸ்துமஸுக்கு எழுத வேண்டிய கடிதங்கள் குவிந்தபோது, ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் கேட்டு வாங்கினார் கோல். ஏறத்தாழ 1,000 படிகள் கல்லச்சில் அச்சாயின. வண்ணம் கையால் தீட்டியது. நடுவில் மூன்று தலைமுறைக் குடும்பம் மதுக்கிண்ணங்களோடு. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் தரும் காட்சிகள். குழந்தையின் வாயில் மது வைக்கும் காட்சியை மதுவிலக்கு இயக்கத்தார் கண்டித்தார்கள்.

அட்டை ஒன்றின் விலை 1 ஷில்லிங். அனுப்பும் செலவு 1 பென்னி, அட்டை அதைப்போல் பன்னிரண்டு மடங்கு! சாதாரணக் குடும்பம் அதை நெருங்க முடியாது. அதே டிசம்பரில் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ வெளிவந்தது. அதில் விருந்துப் பண்டங்கள் குவிந்து கிடக்கும் காட்சியில் இடம்பெறுவது ஜனவரி 6-க்குரிய கேக்தான். கிறிஸ்துமஸ் கேக் என்ற தனி நிலை அப்போது உறுதிப்படவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

கையால் செய்த அட்டைக்கும் ஒரு முன்னோடி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பாதியிலும், பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது தங்கள் அழகிய கையெழுத்தைப் பெற்றோருக்குக் காட்ட ஒரு தாள் கொண்டுவருவார்கள். விவிலியக் காட்சிகள் கொண்ட ஓரப் படங்கள் அச்சில் வரும். அவற்றுக்குச் சிலர் தாங்களே வண்ணம் தீட்டுவார்கள். நடுவிலுள்ள வெற்றிடத்தில் பிள்ளை மை தொட்டு எழுதும். ஓரம் கடையினுடையது, நடு பிள்ளையினுடையது. பின்வந்த அட்டைகளிலும் இந்தப் பங்கீடு திரும்பத் திரும்ப வருகிறது.

வீட்டு மேசைக்கு வந்த விதம்

1861-இல் நூலாக வந்த இசபெல்லா பீட்டனின் ‘புக் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் மேனேஜ்மெண்ட்’ கிறிஸ்துமஸ் கேக் என்ற பெயரிலேயே ஒரு செய்முறை தருகிறது. மாவு, உருக்கிய வெண்ணெய், கிரீம், கரும்புப்பாகு, அரை அவுன்ஸ் சுக்குப்பொடி, அரைப் பவுண்டு உலர்திராட்சை, சோடா உப்பு, ஒரு கரண்டி வினிகர். பாதாம் விழுதும் இல்லை, ஐசிங்கும் இல்லை. பாதாமும் வெள்ளைப் பூச்சும் அதே நூலில் திருமணக் கேக்கோடுதான் நிற்கின்றன. ஜனவரி கேக்கின் ஆடம்பரமும் திருமணக் கேக்கின் இரட்டைப் பூச்சும் டிசம்பர் கேக்கின் மேல் வந்து அமர்ந்தது அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில். தொழிற்சாலை நேரத்தில் பன்னிரண்டு நாள் கொண்டாட்டத்துக்கு இடமில்லை. 1871-இன் வங்கி விடுமுறைச் சட்டம் டிசம்பர் 26-ஐ விடுமுறையாக்கியது. ஜனவரி 6 வேலைநாளாகவே இருந்தது. விருந்து எந்த நாளில் கூடியதோ கேக்கும் அந்த நாளுக்கு நகர்ந்தது.

அட்டையும் இதே ஆண்டுகளில் மலிந்தது. 1862 வாக்கில் சார்லஸ் குடால் நிறுவனம் பெருமளவில் அச்சிடத் தொடங்கியது. 1870-இல் அரை பென்னி அஞ்சல் வந்தது. பெல்ஃபாஸ்டின் மார்கஸ் வார்டு நிறுவனம் கேட் கிரீனவேயின் குழந்தைப் படங்களை வெளியிட்டது. ரஃபேல் டக் நிறுவனம் 1880-இல் 500 கினி பரிசுத்தொகையோடு வடிவமைப்புப் போட்டி நடத்தியது. சிவப்புச் சீருடை அணிந்த தபால்காரர்களை மக்கள் ராபின் என்று செல்லமாக அழைத்தார்கள். செம்மார்பு ராபின் குருவி அட்டைகளில் இடம்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெர்மனியிலிருந்து வந்த வண்ணப் படத் துணுக்குகளே இரு கலைகளையும் வீட்டில் இணைத்தவை. வண்ணக் கல்லச்சில் அடித்து, புடைப்பாக்கி, வடிவத்துக்கு வெட்டிய தேவதைகள், பூங்கொத்துகள், கிறிஸ்துமஸ் தாத்தாக்கள். சில பென்னிக்கு ஒரு தாள் வாங்கினால் பிள்ளைகள் அவற்றை ஒட்டுப் புத்தகத்திலும் ஓட்டைக் காகிதச் சரிகை வைத்த அட்டையிலும் ஒட்டுவார்கள். அதே துணுக்கை இஞ்சி ரொட்டியின் மேலும் கேக்கின் மேலும் ஒட்டுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரிங்கியாவில் செய்த பனிக் குழந்தைப் பீங்கான் பொம்மைகள் கேக்கின் மேல் ஏறின. வீட்டுப் பெண் ஐசிங்கை முள்கரண்டியால் இழுத்துப் பனிமேடாக்குவாள். அட்டையில் அச்சான பனிக் காட்சி கேக்கின் மேல் முப்பரிமாணமாக எழுந்தது. பிசின் அச்சும் பயிற்சியும் தேவைப்பட்ட கோட்டைகளுக்குப் பதில், யாரும் செய்யக்கூடிய ஒரு நிலக்காட்சி. இதைத் தரக்குறைவு என்று தொழில்முறை நூல்கள் கருதலாம். எனக்கு இது ஓர் உண்மையான கண்டுபிடிப்பாகவே தோன்றுகிறது.

போர்க்காலம்

1940 ஜனவரியில் பிரிட்டனில் சர்க்கரைப் பங்கீடு தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து, விற்பனைக்குச் செய்யும் கேக்கின் மேல் சுட்ட பிறகு சர்க்கரை பூசுவது தடைசெய்யப்பட்டது. வீட்டில் பங்கீட்டுச் சர்க்கரையை அவுன்ஸ் அவுன்ஸாக மிச்சம் பிடித்தார்கள். பாதாமுக்குப் பதில் சோயா மாவும் மார்ஜரினும் பாதாம் எசன்ஸும். முட்டைக்குப் பதில் முட்டைப்பொடி. திருமண விருந்துகளில் சிறிய கேக்கின் மேல் கவிழ்க்க அட்டையாலும் சுண்ணப் பூச்சாலும் செய்த அலங்கார மூடிகளை வாடகைக்கு விட்டார்கள். சர்க்கரை இல்லாத இடத்தில் காகிதம் வந்து நின்றது. காகிதமும் தட்டுப்பாடுதான், அச்சிட்ட அட்டைகள் சிறுத்தன, பழைய அட்டையின் படத்தை வெட்டிப் புதிதில் ஒட்டுவது சிக்கனமாகவும் கடமையாகவும் ஆனது. கையால் செய்தது கடையில் வாங்கியதைவிட மேலானது என்ற உணர்வு பரவலாக வேரூன்றியது இந்தப் பற்றாக்குறையில்தான் என்பது என் முடிவு. சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில்தான் நீங்கியது. பல பிள்ளைகள் பள்ளி வயதை எட்டிய பிறகே முழுதும் ஐசிங் பூசிய கேக்கைக் கண்டார்கள்.

இந்தக் கேக் குடியேற்ற நாடுகளுக்கும் போனது. இலங்கையில் அது வேறு வடிவம் கொண்டது: மாவுக்குப் பதில் ரவை, பாதாமுக்குப் பதில் முந்திரி, பூசணிப் பாகு, பன்னீர், தேன், பிராந்தி. இலங்கைக் கிறிஸ்தவ வீடுகளில், தமிழர் வீடுகள் உட்பட, அதைப் பெரும்பாலும் முழுதாக ஐசிங் பூசி நிறுத்துவதில்லை. சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி அயலாருக்குக் கொடுக்கிறார்கள். இங்கே அலங்காரம் முழுவதையும் காகிதமே ஏற்றுக்கொண்டது. ஆங்கிலக் கிறிஸ்துமஸ் கேக்கில் அருகிவிட்ட பன்னீர் மணம் இலங்கைக் கேக்கில் தங்கியிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1980-களில் உருட்டிப் போர்த்தும் ஆயத்த சர்க்கரை மாவு பரவி, முட்டை வெள்ளைக்கரு ஐசிங்கின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்தது. பெட்டியில் வாங்கிய மாவை உருட்டி, அதிலேயே மரமும் மானும் பனிமனிதனும் செய்வது இன்று வீட்டுக்காரரின் கலை. அதன் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் வளர்ந்திருக்கிறது. உண்ணத்தக்க மையால் மெல்லிய சர்க்கரைத் தாளில் குடும்பப் படத்தையோ வாழ்த்துச் சொல்லையோ அச்சிட்டுக் கேக்கின் மேல் ஒட்டுகிறார்கள். அட்டையும் ஐசிங்கும் அங்கே ஒரே பொருள்.