பாட்டியும் ஓர்காவும்

பிள்ளைப்பேறு ஓய்ந்த பிறகும் பல பத்தாண்டுகள் வாழும் பெண் உயிர், விலங்குலகில் மிக அரிது. ஆசிய யானை அறுபது வயதிலும் கன்று ஈனும். காட்டுச் சிம்பன்சிகளில் உகாண்டாவின் ந்கோகோ கூட்டத்தில்தான் கருவளம் ஓய்ந்த முதுமை தெளிவாகப் பதிவாகியுள்ளது. மனிதப் பெண்ணுக்கு இவ்வியல்பில் நெருங்கிய இணை தேடினால் கடலுக்குத்தான் போக வேண்டும்: அங்கே ஓர்காத் திமிங்கிலம் இருக்கிறது.

மனிதப் பெண்ணுக்கு ஐம்பதை ஒட்டி மாதவிடாய் நிற்கிறது. ஓர்கா நாற்பதை ஒட்டி ஈனுவதை நிறுத்துகிறது. இருவரிலும் எண்பதை எட்டுவோர் உண்டு. இரு வம்சங்களும் பிரிந்து சுமார் 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இது பொது மூதாதை விட்டுச்சென்ற சொத்து அன்று. நிலத்திலும் நீரிலும் தனித்தனியே தோன்றிய இயல்பு.

தான்சானியாவின் ஹாட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர் ஆய்ந்தபோது, முதிய பெண்கள் கூரிய கோலால் இறுகிய மண்ணைக் கிண்டி, சிறுவர் கைக்கு வசப்படாத கிழங்குகளை எடுத்தனர். தாய் கைக்குழந்தையோடு இருக்கும் காலத்தில் மூத்த பிள்ளையின் உடல்நலம் பாட்டியின் உழைப்பைச் சார்ந்திருந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்திலோ, முதிய ஓர்கா சினூக் சால்மனைப் பிடித்து, இரண்டாகக் கடித்து, ஒரு துண்டை உறவுக்கு விடுகிறது. மீன் அருகிய ஆண்டுகளில் கூட்டத்தை முன்னின்று நடத்துவதும் பெரும்பாலும் அதுவே.

வேற்றுமை, ஊட்டும் கை யாரை நாடுகிறது என்பதில் இருக்கிறது. ஹாட்சாப் பாட்டியின் கிழங்கு பேரப்பிள்ளைக்குப் போகிறது. ஓர்காத் தாயோ வளர்ந்த மகனையும் தாங்குகிறது. முப்பது வயது கடந்த மகன், தாய் இறந்த அடுத்த ஆண்டில் இறக்கும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு என்று 2012இல் வெளியான ஆய்வு கண்டது. மகளுக்கு ஆபத்து அவ்வளவு உயரவில்லை. மகனின் குட்டிகள் வேறு கூட்டத்தில் வளர்வதால், அவற்றின் பசி பாட்டியின் கூட்டத்தைத் தொடுவதில்லை.

வியப்பு இனிமேல்தான். ஓர்காக்களில் மகனும் மகளும் தாயோடேயே தங்குகின்றனர். தந்தை வேற்றுக் கூட்டத்தவர். தொல்மனிதரிலோ பெண்ணே பிறந்த கூட்டத்தை விட்டுச் சென்றிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்கள் ஜான்ஸ்டன், கான்ட் இருவரும் முன்வைத்த கருத்து. வழக்கங்கள் நேரெதிர், விளைவு ஒன்று: வயது ஏற ஏற, பெண்ணைச் சுற்றிச் சொந்த இரத்தம் பெருகுகிறது. அங்கே மகன்களும் பேரக்குட்டிகளும் சேர்கின்றனர். இங்கே அந்நியர் நடுவே வந்தவள் பிள்ளைகளால் சூழப்படுகிறாள். மேலும் பெறுவதைவிட, பெற்றவர்களைக் காப்பது இருவருக்கும் ஆதாயமாகிறது. தாயும் மகளும் ஒரே காலத்தில் ஈன்றால், ஓர்காத் தாயின் குட்டி இறக்கும் ஆபத்து 1.7 மடங்கு என்ற 2017ஆம் ஆண்டுக் கண்டறிதலும் இதற்கு வலுச் சேர்க்கிறது.

பிள்ளைப்பேறு ஓய்ந்த முதுமையை உடல் தேய்ந்ததன் மிச்சமாகப் பார்ப்பது தவறு. உறவு பெருகும் இடத்தில் பரிணாமம் வளர்த்தெடுத்த பணிக்காலம் அது என்பதே இவ்விரு பாட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு.