மித்தி ஆறும் தாராவியும்: நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பும் கடலாமைக் காப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சங்க இலக்கிய நெய்தல் பாடல்களில் ஆமை இடம்பெறுவதை அறிஞர் அறிவர். அகநானூற்றின் 160ஆம் பாடல், சூல்கொண்ட ஆமை கழியை அடுத்த வெண்மணல் மேட்டில் முட்டையிட்டுப் புதைத்து மறைப்பதையும், குஞ்சு வெளிப்படும் வரை ஆண் ஆமை அம்முட்டைகளைக் காத்து நிற்பதையும் கூறுகின்றது. முட்டையிட்ட பெண் ஆமை உடனே கடலுக்குத் திரும்பிவிடும் என்றும், ஆண் ஆமை பொதுவாகக் கரையேறுவதில்லை என்றும் இன்றைய உயிரியல் கூறும். செய்தியில் இவ்வேறுபாடு இருப்பினும், கழியையும் மணலையும் ஆமையையும் ஒரே நிலக்காட்சியின் பிரிக்கவியலாத உறுப்புகளாகப் புலவர் கண்டுள்ளமை கருதத்தக்கது. இப்பார்வை மும்பை மாநகரின் மித்தி ஆற்றுக்கும் பொருந்துவதாகும். அந்நகரில் கடற்கரையைக் காக்கப் புறப்பட்டோர் ஆற்றுக்கு வந்து சேர்ந்ததையும், அவ்வாற்றின் கழிமுகத்தில் தமிழர் பெருந்தொகையாக வாழும் தாராவி இவ்வரலாற்றில் பெறும் இடத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறும் அதன் நீர்ப்பிடிப்பும்

மித்தி ஆறு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமே உடையது. விகார் ஏரியின் மிகைநீராகத் தொடங்கிப் பவாய் ஏரியின் மிகைநீரையும் ஏற்று, சாக்கிநாக்கா, குர்லா, கலீனா, பாந்த்ரா–குர்லா வளாகம், தாராவி ஆகிய பகுதிகளின் வழியே ஓடி, மாகிம் கழியில் கலக்கின்றது. 'மித்தி' என்னும் பெயர் இனிமை எனப் பொருள்படும். இன்று அவ்வாற்றங்கரையில் நிற்பவருக்கு இப்பெயர் வியப்பளிக்கக்கூடும்.

பெயருக்கும் நிலைக்கும் இடையே எழுந்த இம்முரணின் தொடக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் காணலாம். பம்பாயின் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் போக்க 1856இல் தொடங்கப்பட்ட விகார் நீர்த்தேக்கம் 1860இல் நிறைவுற்றது. நகரின் முதல் குழாய்நீர்த் திட்டம் இதுவே. 1890ஆம் ஆண்டளவில் பவாய் ஏரியும் அமைந்தது. இவற்றால் ஆற்றின் தூய மேற்புனலை நகரம் தனக்கென எடுத்துக்கொண்டது. மழைக்காலம் நீங்கிய மாதங்களில் மித்தியில் ஓடுவது பெரும்பாலும் அந்நகரம் திருப்பியளிக்கும் கழிவுநீரே. ஆற்றின் சீர்கேட்டைக் கழிமுகத்திலிருந்து மட்டும் விளக்க முற்படுவோர் இவ்வுண்மையைக் கருதுவதில்லை.

கழிமுகத்தில் தாராவி

தாராவி தொடக்கத்தில் கோலி மீனவர் குடியிருப்பாக இருந்தது. பம்பாய்த் தீவின் பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாக அதனைப் பழைய அரசிதழ்த் தொகுப்பு குறிப்பிடுகின்றது. மாகிம் கழியை ஒட்டிய சதுப்பு நிலமும் மீன்பிடிப்பும் அவர்தம் வாழ்வுக்கு அடிப்படையாக இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயான் தரைப்பாலமும், 1845இல் மாகிம் தரைப்பாலமும் கட்டப்பட்டன. தீவுகள் இணைந்தன, கழியின் இயல்பான நீரோட்டம் குறுகலாயிற்று.

நகரின் உட்பகுதிகளில் தோல் பதனிடுதல் போன்ற தொழில்கள் விரும்பப்படவில்லை. எனவே அவை நகரின் வடவெல்லையாக அன்று விளங்கிய தாராவிக்கு நகர்ந்தன. 1887ஆம் ஆண்டளவில் முதல் தோல் பதனிடும் கூடம் அங்கு அமைந்தது. பாந்த்ரா இறைச்சிக்கூடம் அண்மையில் இருந்தமை இத்தொழிலுக்கு ஏற்றதாயிற்று. தமிழகத்திலிருந்து தோல் வணிகரும், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பெருந்தொகையான தொழிலாளரும் வந்து குடியேறினர். பின்னர் 1971இல் இறைச்சிக்கூடம் தேவ்னாருக்கு மாற்றப்பட்டது. பதனிடும் கூடங்கள் படிப்படியாகக் குறைந்து, தோற்பொருள் தைக்கும் தொழில் எஞ்சியது.

இங்கு மாட்டுங்காவின் வரலாற்றை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. 1896இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதன் திட்டங்களின்வழி தாதர், மாட்டுங்கா பகுதிகள் அகன்ற தெருக்களும் வடிகால்களும் பெற்று வளர்ந்தன. அலுவலகப் பணிக்கு வந்த தமிழர் மாட்டுங்காவிலும், பின்னர்ச் செம்பூரிலும் குடியமர்ந்தனர். மாட்டுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ள தாராவிக்கு அத்தகைய வடிகால் அமைப்பு கிட்டவில்லை. ஒரே மொழி பேசுவோரின் இரு குடியிருப்புகளுள் ஒன்றன் கழிவுநீர் நிலத்தடிக் குழாயில் மறைந்தது. மற்றொன்றன் கழிவுநீர் திறந்த சாக்கடையாய்க் கண்முன் ஓடியது. கண்முன் ஓடியதே ஆற்றைக் கெடுத்ததாகக் கருதப்பட்டது.

ஆறு குறுகிய வரலாறு

விடுதலைக்குப் பின் ஆற்றின் வடிவமே மாறியது. விமான நிலைய விரிவாக்கத்தின்போது மித்தி செங்கோணத் திருப்பங்களுடன் திசைமாற்றப்பட்டு, ஓடுபாதைக்கு அடியில் செலுத்தப்பட்டது. 1977இல் பாந்த்ரா–குர்லா வளாகத்துக்கான திட்டப் பொறுப்பு மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 370 ஹெக்டேர் பரப்புடைய அவ்வளாகம், வெள்ளநீரைத் தாங்கி நின்ற சதுப்பு நிலத்தைத் தூர்த்து எழுந்தது. இவற்றோடு கரையோரத் தொழிற்கூடங்களும் குடிசைகளும் பெருகின. ஆற்றை ஒடுக்கியதில் இவையனைத்துக்கும் பங்குண்டு. ஆயினும் முன்னவை வளர்ச்சி எனவும், குடிசைகள் மட்டும் ஆக்கிரமிப்பு எனவும் பெயர் பெற்றன.

2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நாளில் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டரே. மித்தியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலேயே பெருமழை கொட்டியது. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ளக் குர்லா, கலீனா, தாராவி முதலிய பகுதிகள் மூழ்கின. மும்பையில் மட்டும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரத்தார் பலர் மித்தியை ஓர் ஆறு என உணர்ந்தது அன்றுதான் எனலாம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மித்தி ஆற்று வளர்ச்சி, பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. மாதவ் சித்தலே தலைமையிலான உண்மையறியும் குழு வெள்ளத்தின் காரணங்களை ஆராய்ந்தது. தூர்வாருதல், அகலப்படுத்துதல், கற்காரைக் கரைச்சுவர் எழுப்புதல் ஆகியன முதன்மைப் பணிகளாயின. ஆயிரக்கணக்கான கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டன. வளாகமும் ஓடுபாதையும் நின்ற இடத்திலேயே நின்றன. தூர்வாரும் பணியில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் முறைகேடுகள் குறித்து 2025இல் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தமை, இருபதாண்டுப் பணியின் பயன் பற்றிய ஐயத்தை வலுப்படுத்தியது.

மக்கள் முயற்சிகள்

அரசுப் பணிகளுக்கு முன்னரே தொடங்கிய முயற்சி ஒன்று தாராவியின் எல்லையிலேயே உள்ளது. மாகிம் கழியோரத்தில் நகரின் குப்பை கொட்டப்பட்டு வந்த 37 ஏக்கர் மேட்டில், உலக வன உயிர் நிதியத்தின் இந்தியப் பிரிவினரது முன்முயற்சியால் 1980களில் மரங்கள் நடப்பட்டன. அவ்விடமே மகாராட்டிர இயற்கைப் பூங்காவாக 1994இல் திறந்துவைக்கப்பட்டது. குப்பைமேடு காடாக மாறியமைக்கு அது கண்கண்ட சான்று.

கழியைக் காப்பதில் நீதிமன்றத்தின் பங்கும் பெரிது. பம்பாய்ச் சுற்றுச்சூழல் செயற்குழு தொடுத்த பொதுநல வழக்கில், 2005 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அலையாத்திக் காடுகளை அழிப்பதற்குத் தடை விதித்தது. 2018இல் வழங்கிய இறுதித் தீர்ப்பிலும் அப்பாதுகாப்பை உறுதிசெய்தது. அலையாத்தி மரங்கள் வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதோடு மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமாகவும் விளங்குவன.

ஆற்றின் மேற்பகுதியில் எழுந்த போராட்டம் ஆரே காட்டைப் பற்றியது. மித்தியின் நீர்ப்பிடிப்பைச் சார்ந்த அப்பகுதியில் மெட்ரோ பணிமனை அமைவதைச் சூழலியலாளரும், அங்கு வாழும் வார்லி முதலிய பழங்குடியினரும் எதிர்த்தனர். 2019 அக்டோபர் 4ஆம் நாள் உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்றிரவே மரங்கள் வெட்டப்படலாயின. அக்டோபர் 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் தடை விதிப்பதற்குள் 2,141 மரங்கள் வீழ்ந்திருந்தன. 2020இல் பணிமனையை இடம் மாற்ற அரசு முடிவு செய்தது. 2022இல் அம்முடிவு கைவிடப்பட்டு, ஆரேயிலேயே பணி தொடர்ந்தது. 2024 அக்டோபரில் அத்தடத்தின் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. போராட்டம் தன் நோக்கத்தில் வெல்லவில்லை. எனினும், கழிமுகத்து வெள்ளத்துக்கும் மலையடிக் காட்டுக்கும் உள்ள தொடர்பை நகரின் பொதுப்பேச்சில் அது நிலைபெறச் செய்தது.

கடலாமையின் வருகை

மித்தி கலக்கும் மாகிம் விரிகுடாவுக்கு வடக்கே, அதே மேற்குக் கடலோரத்தில் வெர்சோவா கடற்கரை உள்ளது. நெகிழிக் குப்பை மலிந்திருந்த அக்கரையில் 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா தூய்மைப் பணியைத் தொடங்கினார். தன்னார்வலர் பலர் வாரந்தோறும் அவருடன் சேர்ந்தனர். 2018 மார்ச்சில், தமிழில் பங்குனி ஆமை எனப்படும் கடலாமையின் குஞ்சுகள் ஏறத்தாழ 80 அங்கு மணலிலிருந்து வெளிப்பட்டன. நாய்களுக்கு இரையாகாவண்ணம் காத்து அவற்றைக் கடலில் சேர்த்தனர். இருபதாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது என அன்றைய செய்திகள் கூறின. தூய்மைப் பணியே ஆமையை வரவழைத்தது என அறுதியிட இந்நிகழ்வொன்று போதாது. ஆயினும் குப்பை மூடிய மணலில் ஆமை கூடமைத்தல் அரிது என்பதும், குஞ்சு கடலை அடைதல் அதனினும் அரிது என்பதும் தெளிவு.

வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் காக்கப்படும் இவ்வுயிரினத்துக்கு மகாராட்டிரத்தில் முன்னரே மக்கள் காப்பு இருந்தது. இரத்தினகிரி மாவட்டத்து வேளாஸ் ஊரில், சிப்ளூணைச் சேர்ந்த சகியாத்ரி நிசர்க மித்ரா அமைப்பு 2002இல் பணியைத் தொடங்கியது. முட்டைகளை எடுத்து உண்டும் விற்றும் வந்த நிலை மாறி, ஊராரே காவலராயினர். தமிழகத்தில் 1988 முதல் சென்னைக் கரையில் இரவுதோறும் நடந்து முட்டைகளைக் காத்துவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் பணியும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இரு கரைகளும் தொடர்பற்றவை அல்ல. 2021இல் ஒடிசாவின் ககிர்மாதாவில் அடையாளத்தகடு பொருத்தப்பட்ட பெண் ஆமையொன்று, 2025 ஜனவரியில் இரத்தினகிரி மாவட்டத்துக் குகாகரில் முட்டையிட்டமை கண்டறியப்பட்டது. இலங்கையைச் சுற்றி அது ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் கடந்திருத்தல் வேண்டும் என ஆய்வாளர் கருதினர். கிழக்குக் கரையின் ஆமை மேற்குக் கரையையும் நாடும் எனின், ஒரு நகரின் கழிவு அந்நகரின் கேடு மட்டுமன்று.

வெர்சோவாவில் எழுந்த படிப்பினை இதனினும் குறிப்பிடத்தக்கது. அகற்றிய குப்பை மீண்டும் மீண்டும் கரையொதுங்கியது. குப்பை கடலில் தோன்றுவதன்று, ஆறுகளும் ஓடைகளும் கொண்டுவருவது என்பதை உணர்ந்த அத்தன்னார்வலர், 2018க்குப் பின் மித்தியின் மேற்பகுதியிலுள்ள ஃபில்டர்பாடாவில் ஆற்றுத் தூய்மையைத் தொடங்கினர். கடலாமையைக் காக்கப் புறப்பட்ட பணி ஆற்றின் தலைப்பகுதிக்கே சென்று சேர்ந்தது. குப்பை அகற்றும் வசதி குன்றிய குடியிருப்பு மக்களையும் அப்பணியில் இணைத்தமை அதன் சிறப்பாகும்.

தாராவியின் பங்கு

இங்கு தாராவி பற்றிய மதிப்பீடு மறுபரிசீலனைக்குரியதாகின்றது. அங்குள்ள '13ஆம் காம்பவுண்டு' பகுதியில், நகரெங்கும் பொறுக்கிச் சேர்த்த நெகிழி தரம் பிரிக்கப்பட்டு, நொறுக்கப்பட்டு, கழுவி உலர்த்தி, மறுபயன்பாட்டுக்குரிய மூலப்பொருளாக்கப்படுகின்றது. அவர்கள் தடுக்காவிடின் அந்நெகிழியின் ஒரு பகுதி ஆற்றையும் கடலையும் சேரும். அத்தொழிலின் கழுவுநீர் சாக்கடையில் கலக்கின்றது என்பதும், தொழிலாளர் உடல்நலம் கெடுகின்றது என்பதும் மறைக்கத்தக்கன அல்ல. அதற்குரிய தீர்வு வடிகாலும் சுத்திகரிப்பு வசதியும் பாதுகாப்புக் கருவிகளும் அளிப்பதே, அத்தொழிலை அப்புறப்படுத்துவதன்று. அன்று நகரம் வேண்டாத தோல் தொழிலை ஏற்ற அதே இடம், இன்று நகரம் வேண்டாத நெகிழியை ஏற்கின்றது. இரு காலத்தும் பணியின் பயன் நகருக்கும், பழி தாராவிக்கும் உரியவாயின.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. மித்தியின் சீர்கேடு கழிமுகத்தில் தொடங்கியதன்று. நீர்த்தேக்கம், தரைப்பாலம், ஓடுபாதை, வணிக வளாகம் எனத் தொடர்ந்த ஒன்றரை நூற்றாண்டுச் செயல்களின் விளைவு. காப்பு முயற்சிகள் காடு, கழி, கடற்கரை எனத் தனித்தனியே எழுந்து, பட்டறிவால் ஒன்றையொன்று நாடின. கரைச்சுவராலும் குடிசை அகற்றலாலும் மட்டும் ஆற்றைக் காக்க முயல்வது, தலையை விட்டு வாலைப் பிடிப்பதாகவே முடியும்.

புலம்பெயர் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தாராவியைத் தொழில், சாதி, குடியிருப்பு, அரசியல் ஆகிய நோக்குகளில் ஆராய்கையில், அது ஓர் ஆற்றின் கழிமுகம் என்பதையும் உடன் கருதுதல் வேண்டும். முதற்பொருளாகிய நிலத்தை முன்வைத்தே வாழ்வை எண்ணும் திணை மரபுக்கு இது புதிதன்று. அகநானூற்று ஆமையின் முட்டைக்குக் காவல் நின்றது அதன் துணை. இன்று அக்காவல் மலையடிப் பழங்குடியினர் முதல் கழிமுகத்துத் தொழிலாளர் வரை ஓர் ஆற்றின் மக்கள் அனைவரிடமும் உள்ளது. அவர்களுள் ஒரு சாராரைக் குற்றவாளியாக நிறுத்தி அக்காவலை நிறைவேற்றுதல் இயலாது.