கீல்ஹார்ன், ஃபிரான்ஸ்

கீல்ஹார்ன், ஃபிரான்ஸ் (1840–1908): பூனா டெக்கான் கல்லூரியில் பதினைந்து ஆண்டுகள் சம்ஸ்கிருதப் பேராசிரியராக விளங்கிய ஜெர்மானிய அறிஞர், பதஞ்சலி முனிவரின் வியாகரண மகாபாஷ்யத்தைப் பல ஏட்டுப் பிரதிகளோடு ஒப்புநோக்கித் திருத்தமுறப் பதிப்பித்தவர், சோழ பாண்டிய மன்னரின் ஆட்சித் தொடக்கங்களைச் சாசனங்களின் துணைகொண்டு மாத, நாள் அளவிற்குக் கணித்தவர். இவர் பணிபுரிந்த கல்லூரி, இன்று புனே எனப்படும் அந்நகரின் வடகிழக்கில், விஷ்ராந்த்வாடிக்குத் தெற்கே எரவாடாப் பகுதியில் அமைந்துள்ளது.

கல்லூரியும் முன்னோரும்: பேஷ்வாக்கள் வேத பண்டிதர்க்கு வழங்கிவந்த தட்சிணை நிதியைக் கொண்டு, 1821இல் விஷ்ராம்பாக் வாடாவில் நிறுவப்பெற்ற சம்ஸ்கிருத பாடசாலையே காலப்போக்கில் வளர்ந்து, 1864இல் டெக்கான் கல்லூரி என்னும் பெயர் பெற்று, 1868இல் எரவாடாவின் புதிய கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது. கீல்ஹார்னுக்கு முன்பே, 1859 முதல் 1866 வரை, மார்ட்டின் ஹௌக் என்ற மற்றொரு ஜெர்மானியர் இங்கே சம்ஸ்கிருதக் கல்வியை மேற்பார்த்துவந்தார். ஐதரேய பிராமணத்தை மொழிபெயர்க்க முற்பட்ட அவர், ஏட்டில் எழுதப்பட்ட வேள்விச் சடங்குகளை நேரில் காணாமல் உரை கூறுவது தகாதென்று கருதி, சிரௌதம் என்னும் வேதவேள்வி முறையில் வல்ல வைதிகர் ஒருவரைப் பொருள் கொடுத்து அழைத்து, தம் இல்லத்து வளாகத்தின் ஒதுக்கிடத்தில் சோமயாகச் சடங்குகளை நடத்திக்காட்டச் செய்து, ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். சோமரசத்தையும் சுவைத்துப் பார்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1863இல் பம்பாயில் வெளிவந்தது. நூலறிவுக்கு நாட்டுப் பண்டிதரின் மரபறிவைத் துணையாகக் கொள்ளும் இப்பழக்கமே பூனாவிற்கு வந்த ஜெர்மானியரின் தனிச்சிறப்பாகும்.

வாழ்க்கை: கீல்ஹார்ன் 1840ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஆஸ்னாப்ரூக் நகரில் பிறந்தார். கோட்டிங்கனில் பென்ஃபையிடமும், பிரெஸ்லாவில் ஸ்டென்ட்ஸ்லரிடமும், பெர்லினில் வேபரிடமும் பயின்று, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் மோனியர் வில்லியம்ஸின் சம்ஸ்கிருத அகராதிப் பணிக்கு உதவினார். 1866இல் பூனாவிற்கு வந்த அவர், பேராசிரியர் பதவியில் இருந்துகொண்டே அவ்வூர்ச் சாஸ்திரிகளிடம் மாணாக்கராக அமர்ந்து, நவ்ய வியாகரண மரபைப் பாடம் கேட்டார். நாகேசபட்டரின் பரிபாஷேந்துசேகரம் என்னும் இலக்கண நூலை மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக 1868க்கும் 1874க்கும் இடையே அவர் வெளியிட்டது இப்பயிற்சியின் விளைவேயாம். பியூலருடன் சேர்ந்து பம்பாய் சம்ஸ்கிருத நூல் வரிசையைத் தொடங்கியதும், அரசாங்கத்தின் ஏட்டுச்சுவடித் தேட்டத்தில் ஈடுபட்டதும் இக்காலத்தன. பாலகங்காதர திலகர் இக்கல்லூரியில் மாணவராயிருந்ததும் இப்பருவத்திலேதான். 1881இல் பூனாவை விட்டுத் தாயகம் திரும்பிய கீல்ஹார்ன், 1882இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பூனாவில் அவர் விட்டுச்சென்ற இடத்தை இராமகிருஷ்ண கோபால பண்டார்கர் ஏற்றார். கீல்ஹார்ன் 1908 மார்ச் 19ஆம் நாள் கோட்டிங்கனில் காலமானார்.

மகாபாஷ்யப் பதிப்பு: பாணினியின் ஏறக்குறைய நாலாயிரம் சூத்திரங்களுள் பலவற்றிற்குக் காத்தியாயனர் வார்த்திகம் என்னும் குறிப்புகளை இயற்றினார், அவ்விரண்டையும் ஆராய்ந்து பதஞ்சலி பாஷ்யம் வகுத்தார். வார்த்திகங்கள் தனிநூலாக நமக்குக் கிட்டாமல், பாஷ்யத்தின் உடலோடு கலந்தே கிடைப்பதால், எது காத்தியாயனர் வாக்கு, எது பதஞ்சலி வாக்கு என்பதில் மயக்கம் நிலவியது. பதஞ்சலி ஒரு சுருங்கிய தொடரைக் கூறி, உடனே அதையே விரித்த சொற்களால் மீண்டும் உரைக்கும் இடங்களைக் கூர்ந்து நோக்கிய கீல்ஹார்ன், சுருங்கிய தொடர் வார்த்திகம் என்றும் விரிந்தது பாஷ்யம் என்றும் பிரித்தறிந்து, இம்முடிபை 1876இல் வெளியிட்ட சிறு நூலில் நிறுவினார்; மகாபாஷ்யம் இடைக்காலத்தில் உருமாறியது என்று ஐயுற்ற தம் ஆசிரியர் வேபரையே மறுப்பதற்கும் அவர் தயங்கவில்லை. பதிப்பு 1880 முதல் 1885 வரை மூன்று தொகுதிகளாக நிறைவுற்றது.

சாசன ஆராய்ச்சி: கோட்டிங்கனுக்குச் சென்ற பின் இவரது கவனம் பெரும்பாலும் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பதிந்தது. இரண்டாம் புலிகேசியின் ஐஹொளெ சாசனம், ருத்ரதாமனின் ஜுனாகட் சாசனம் முதலியவற்றை எபிகிராஃபியா இண்டிகா என்னும் சாசன இதழில் பதிப்பித்தார். கலசூரி சகாப்தத்தின் தொடக்கம் கி.பி. 248ஐ ஒட்டியதென்று தெளிவித்தார். தமிழ்நாட்டு வரலாற்றிற்கு இவர் செய்த உதவியோ அளவிடற்கரியது. தென்னாட்டுக் கோயிற் சுவர்களில், மன்னனின் ஆட்சியாண்டோடு, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவையும் பொறிக்கப்படுவது வழக்கம். இவை அனைத்தும் ஒருசேரப் பொருந்தும் நாள் மிக அரிதாகவே நேருமாதலால், வானநூற் கணக்கினால் அந்நாளைக் கண்டுகொண்டு, அதிலிருந்து ஆட்சியாண்டுகளைக் கழித்து, பல சாசனங்களின் விடைகளை ஒன்றோடொன்று உறழ்ந்து பார்த்தால், மன்னன் அரியணை ஏறிய காலம் புலனாகும். சென்னை அரசாங்கத்தின் சாசன அறிஞரும் ஜெர்மானியருமான ஹுல்ட்ஸ் படித்தளித்த மூலங்களின் மேல் இக்கணிப்பைச் செலுத்திய கீல்ஹார்ன், முதலாம் இராசராசன் 985ஆம் ஆண்டு ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் ஆட்சி தொடங்கினான் என்றும், முதலாம் குலோத்துங்கனின் ஆட்சித் தொடக்கம் 1070ஆம் ஆண்டு ஜூன் 9 என்றும் முடிவுகட்டினார். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு இக்கணிப்புகளையே ஆதாரமாகக் கொண்டது.

வழிவந்த மரபு: கோட்டிங்கனில் கீல்ஹார்னிடம் பயின்ற ஹைன்ரிஷ் லூடர்ஸ் பின்னர் பெர்லினில் பேராசிரியராகி, விஷ்ணு சீதாராம் சுக்தங்கர் என்னும் மராட்டிய இளைஞரைப் பயிற்றினார். தாயகம் மீண்ட சுக்தங்கர், பூனாவில் 1917இல் நிறுவப்பெற்ற பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தில், 1925 முதல் மகாபாரதச் செம்பதிப்பின் தலைமைப் பதிப்பாசிரியராக அமர்ந்தார்; அப்பெரும்பணி 1966இல் முற்றுப்பெற்றது. பூனாச் சாஸ்திரிகளிடம் கீல்ஹார்ன் கற்ற வியாகரணம் ஜெர்மனிக்குச் சென்றதும், ஜெர்மனியின் பதிப்பு முறை சுக்தங்கர் வழியே பூனாவிற்கு வந்ததும் ஆகிய இரண்டையும் சேர்த்து நோக்குவோர்க்கு, மேனாட்டார் வந்து நம் நூல்களை மீட்டனர் என்பதும், அவர்களால் யாதொரு பயனும் விளையவில்லை என்பதும் ஒருங்கே பிழைபட்ட கூற்றுகள் என்பது விளங்கும்.

டெக்கான் கல்லூரி 1934இல் மூடப்பட்டு, 1939இல் முதுகலை ஆராய்ச்சி நிலையமாகத் திறக்கப்பெற்று, வரலாற்று முறையிலான சம்ஸ்கிருதப் பேரகராதியைத் தொகுத்துவருகிறது. கீல்ஹார்னின் மகாபாஷ்யப் பதிப்பைக் காசிநாத வாசுதேவ அப்யங்கர் திருத்தியமைக்க, பண்டார்கர் நிலையம் 1962க்கும் 1972க்கும் இடையே மூன்றாம் பதிப்பாக வெளியிட்டது. பதஞ்சலியை மேற்கோள் காட்டும் ஆராய்ச்சியாளர் கீல்ஹார்ன் பதிப்பின் தொகுதி, பக்கம், வரி எண்களையே இன்றும் குறிக்கின்றனர்.