வாரிசற்ற சொற்கள்

1066-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் ஹெரால்டு மன்னன் மாண்டதையும், அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் தினத்திலேயே நார்மண்டிப் பிரபுவாகிய வில்லியம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் முடிசூடிக்கொண்டதையும் சென்ற இதழில் கண்டோம். வாளால் நடந்த காரியம் ஒரு பகற்பொழுதில் முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு பகலின் விளைவாக, அடுத்த மூன்று நூற்றாண்டுகளில், இங்கிலாந்து மக்களின் நாவிலிருந்தும் ஏட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கான சொற்கள் மறைந்தொழிந்த கதையைப் போர்களையும் பட்டாபிஷேகங்களையும் விஸ்தரிக்கும் சரித்திர நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அக்கதையே இவ்வாரம் நாம் காணப்போவது.

முடிசூடிய மறு ஆண்டில், அதாவது 1067-இல், வில்லியம் லண்டன் நகரத்தாருக்கு ஒரு சாசனம் வழங்கினான். கையகலமே உள்ள தோல் துண்டில் எழுதப்பெற்ற அந்தச் சாசனம் லண்டன் மாநகரத்து ஆவணங்களோடு இன்றும் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. வென்றவனுடைய பாஷை பிரெஞ்சு. அவனுடைய குருமார்களின் பாஷை லத்தீன். ஆயினும் சாசனம் எழுதப்பட்டதோ தோற்றவர்களின் பாஷையாகிய ஆங்கிலத்தில். காரணம் வெளிப்படை. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் அரசாங்க காரியங்கள் பெரும்பாலும் லத்தீனில் நடந்துவந்த அக்காலத்தில், 9-ஆம் நூற்றாண்டின் ஆல்ஃபிரட் மன்னன் காலந்தொட்டு, சட்டங்களையும் உத்தரவுகளையும் தாய்மொழியிலேயே எழுதும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியிருந்தது. ஹெரால்டுக்கு முன் ஆண்ட எட்வர்டு மன்னர் காலத்தில் உங்களுக்கிருந்த உரிமைகள் அனைத்தும் நிலைத்திருக்கும், ஒவ்வொரு பிள்ளையும் தன் தகப்பனுக்குப்பின் அவனுடைய வாரிசாக இருப்பான் என்று அந்தச் சாசனம் உறுதி கூறுகிறது. அதில் வாரிசைக் குறிக்க வரும் சொல் 'இர்ஃப்நூமே' என்பது. 'இர்ஃபெ' என்றால் மூதாதையர் சொத்து. 'நூமே' என்றால் எடுத்துக்கொள்பவன். நகர மாந்தரைக் குறிக்கும் 'புர்ஹ்வாரு' என்ற சொல்லும் அதிலே இருக்கிறது. லண்டன் பிள்ளைகள் தகப்பனின் சொத்தைப் பெற்றார்கள். ஆனால் அந்தச் சொற்களுக்குப் பிற்காலம் இல்லாமற்போயிற்று. 'இர்ஃப்நூமே' இருந்த இடத்தில் 'ஏர்' என்ற பிரெஞ்சுச் சொல் வந்து அமர்ந்து இன்றுவரை அகலவில்லை.

1070-ஆம் ஆண்டை ஒட்டி அரசனுடைய உத்தரவுகள் ஆங்கிலத்தைக் கைவிட்டு லத்தீனுக்கு மாறின. அதே ஆண்டில் கான்டர்பரியின் பேராயராக இருந்த ஸ்டிகண்டு என்ற ஆங்கிலேயர் பதவி நீக்கப்பட்டு, இத்தாலியின் பவியா நகரத்தில் பிறந்த லான்ஃப்ராங்க் அந்தப் பீடத்தில் அமர்த்தப்பட்டார். ஆங்கிலேயராய்ப் பிறந்த மேற்றிராணியார்களில் கடைசி வரை பதவியில் நீடித்தவர் வூஸ்டர் நகரத்து வுல்ஃப்ஸ்டன் ஒருவரே. அவரும் 1095-இல் காலமானார். 1086-இல் வில்லியம் எடுப்பித்த பெரும் நிலக்கணக்காகிய 'டூம்ஸ்டே' ஏட்டைப் புரட்டினால், அரசனிடமிருந்து நேராக நிலம் பெற்ற பெரும் பிரபுக்களில் ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே எஞ்சியிருந்தது தெரியவரும். ஆங்கிலத்தைப் பொதுஜனங்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அதில் சட்டம் எழுதியவர்களும், சாஸ்திரம் எழுதியவர்களும், காவியம் கேட்டுப் பரிசளித்தவர்களும் இல்லாமற்போனார்கள். அதனாலேயே வீடு, நீர், நெருப்பு, தாய், தந்தை முதலியவற்றுக்குரிய சொற்கள் பிழைத்துக்கொள்ள, நியாயஸ்தலத்துக்கும் கல்விக்கும் உரிய சொற்களே பெரும்பாலும் மாண்டன என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கல்விச் சொற்களைக் கொஞ்சம் பாருங்கள். வானசாஸ்திரத்துக்கு 'துங்கொல்கிராஃப்ட்', அதாவது நட்சத்திரக் கலை. கணிதத்துக்கு 'ரீம்கிராஃப்ட்', எண்ணும் கலை. இலக்கணத்துக்கு 'ஸ்டாஃப்கிராஃப்ட்', எழுத்துக் கலை. நூல் நிலையத்துக்கு 'போக்ஹோர்ட்', அதாவது புத்தகப் புதையல். கி.பி. 1000-ஐ ஒட்டி வாழ்ந்த ஐன்ஷாம் மடத்து ஆல்ஃப்ரிக் என்ற துறவி லத்தீன் இலக்கணத்தையே ஆங்கிலத்தில் எழுதி மாணாக்கர்களுக்குப் போதித்தவர். சாஸ்திரம் சொல்லும் வன்மை அந்தப் பாஷைக்கு இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. வைத்தியனுக்கு 'லாச்செ' என்று பெயர். பால்டு என்பவருக்கு உரியதாயிருந்த பழைய வைத்திய ஏடு ஒன்று, அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி, பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இன்று அந்தச் சொல் 'லீச்' என்று திரிந்து, இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு மட்டுமே பெயராக நிற்கிறது. ஒரு காலத்தில் நோய் தீர்ப்பவனுக்கு மரியாதையாக வழங்கிய பெயர் இது என்று எண்ணும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை.

தமிழ் வாசகர்கள் ஆங்கிலம் கற்கத் தொடங்கும்போதே ஆச்சரியப்படும் விஷயம் ஒன்று உண்டு. தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா ஆகிய எல்லோருக்கும் 'அங்கிள்' என்றும், அத்தை, பெரியம்மா, சித்தி ஆகிய எல்லோருக்கும் 'ஆன்ட்டி' என்றும் ஆங்கிலேயர் ஒற்றைச் சொல்லால் சொல்லிவிடுவதைக் கண்டு, உறவின் அருமை அறியாத ஜனங்கள் என்று நினைப்போரும் இருக்கிறார்கள். அது முழு உண்மையன்று. பழைய ஆங்கிலத்தில் தாயின் சகோதரன் 'ஏயம்'. தந்தையின் சகோதரன் 'ஃபாதெரா'. தந்தையின் சகோதரி 'ஃபாது'. தாயின் சகோதரி 'மோத்ரியெ'. நான்கு உறவுக்கும் நான்கு பெயர்கள். ஆங்கிலேயரின் முன்னோராகிய ஜெர்மானிய குலத்தாரிடையே தாய்மாமனுக்கு இருந்த ஸ்தானம் எளிதன்று; சகோதரி புதல்வர்கள் தந்தையிடத்தில் பெறும் மதிப்பையே தாய்மாமனிடத்திலும் பெற்றார்கள் என்று ரோமானிய சரித்திராசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98-இல் எழுதிய நூலில் குறித்திருக்கிறார். ஆங்கிலத்தின் ஆதி காவியமாகிய 'பேயோவுல்ஃப்' நூலின் நாயகனும் ஹியூகெலாக் என்ற தன் தாய்மாமனுக்கு அடங்கி நின்ற வீரன்தான். நார்மானியருக்குப் பிறகு 13-ஆம் நூற்றாண்டில் 'அங்கிள்', 'ஆன்ட்' என்ற பிரெஞ்சுச் சொற்கள் புகுந்து அந்த நான்கையும் விழுங்கிவிட்டன. இவற்றுள் 'அங்கிள்' என்பதற்கு மூலமான லத்தீன் 'அவுன்குலுஸ்' முதலில் தாய்மாமனை மட்டுமே குறித்தது. தந்தையின் சகோதரனுக்கு ரோமர்கள் 'பத்ருஸ்' என்று தனிப்பெயர் வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தாங்கள் முன்பே இழந்ததை ஆங்கிலேயரையும் இழக்கச் செய்தார்கள். 'ஏயம்' என்ற சொல் மட்டும் 'ஈம்' என்று சுருங்கி, வட இங்கிலாந்துக் கிராமங்களிலும் ஸ்காட்லாந்திலும் பல தலைமுறைகள் உயிர் வாழ்ந்து பின் அடங்கிற்று.

எல்லாச் சொற்களும் ஒரேயடியாக மாண்டுவிடவில்லை. சில சொற்கள் வேறொரு சொல்லின் உள்ளே மறைந்து வாழ்கின்றன. ஆண்மகனைக் குறித்த 'வெர்' என்ற சொல்லை இன்று எவரும் சொல்வதில்லை. ஆனால் ஓநாயாக உருமாறும் மனிதனைப் பற்றிய கதைகளில் வரும் 'வெர்வுல்ஃப்' என்ற பெயரிலும், 'மனிதர் வாழும் யுகம்' என்று பொருள்பட்ட பழைய கூட்டுச் சொல்லிலிருந்து பிறந்த 'வேர்ல்டு' என்ற சொல்லிலும் அது இருக்கிறது. கொலையுண்டவனுக்காக அவன் சுற்றத்தாருக்குச் செலுத்தவேண்டிய ஈட்டுத் தொகைக்கு 'வெர்கில்டு' என்று பெயர். வெஸ்ஸெக்ஸ் நாட்டில் பிரபுவுக்கு 1200 ஷில்லிங், சாதாரணக் குடியானவனுக்கு 200 ஷில்லிங் என்று அதற்குக் கணக்கு இருந்தது. அந்தக் குடியானவனைக் குறித்த 'சேயொர்ல்' என்பது சுதந்திரமான உழவனுக்குரிய கண்ணியமான பெயர். அதுவே, 'சர்ல்' எனத் திரிந்து, முரடன் என்று இழிந்தது. ஏவலாளாக நின்ற சிறுவனைக் குறித்த 'க்னிஹ்ட்' என்ற சொல்லோ, 'நைட்' என்று உயர்ந்து பட்டம் பெற்றது.

'லார்டு' என்ற சொல்லின் பிறப்பு இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிரியமானது. 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. 'ஹ்லாஃப்வேயர்ட்' என்றால் ரொட்டியைக் காப்பவன். அதுவே தேய்ந்து 'லார்டு' ஆயிற்று. 'ஹ்லாஃப்திகெ', அதாவது ரொட்டிக்கு மாவு பிசைபவள், தேய்ந்து 'லேடி' ஆயிற்று. இந்த இரண்டுக்கும் துணையாக மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு. கென்ட் நாட்டை ஆண்ட ஏதெல்பெர்ட் மன்னன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய சட்டத்தில், ஒரு குடியானவனின் 'ஹ்லாஃபாட்டா'வைக் கொன்றவன் ஆறு ஷில்லிங் செலுத்தவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சொல்லின் பொருள் ரொட்டி உண்பவன், அதாவது ஒருவன் வீட்டுச் சோற்றை உண்டு அவனை அண்டி வாழ்பவன். காப்பவனுக்கும் பிசைபவளுக்கும் உரிய பெயர்கள் மாளிகைகளில் ஏறி நிலைபெற, உண்பவனுடைய பெயர் ஏட்டோடு நின்றுவிட்டது. அந்தச் சட்டமும், படையெடுப்புக்குப்பின் 12-ஆம் நூற்றாண்டில் ராச்செஸ்டர் ஆலயத்து எழுத்தர் ஒருவர் பிரதி செய்து வைத்த ஏடு கிடைத்ததனாலேயே நம் காலம் வரை வந்தது.

எல்லா நஷ்டத்தையும் நார்மானியர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. எடுத்தல் என்ற பொருளுடைய 'நிமன்' என்ற சொல்லை வெளியேற்றிய 'டேக்' என்பது, 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியருடையது. வயல் வரப்பில் அயலாராய் வாழ்ந்த அவர்கள் முட்டைக்கும் ஆகாயத்துக்கும் ஜன்னலுக்கும் தங்கள் சொற்களைக் கொடுத்தார்கள்; மேலே அமர்ந்து ஆண்ட நார்மானியரோ நீதிபதிக்கும் சிறைக்கும் குற்றத்துக்கும் கொடுத்தார்கள். பழைய பெயரில் ஆட்சியாளருக்குப் பிரயோஜனம் இருந்த இடத்தில் அது தப்பியது: மாவட்ட அதிகாரியாகிய 'ஷெரீஃப்' பழைய 'ஷீர்கெரேஃபா'தான். 'ஏர்ல்' என்ற ஆங்கிலப் பட்டம் நிலைத்தது. ஆனால் அவன் மனைவி மட்டும் 'கவுண்டெஸ்' என்று பிரெஞ்சுப் பெயரால் அழைக்கப்படுகிறாள்.

ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1362-இல், மூன்றாம் எட்வர்டு மன்னனின் பார்லிமெண்டு, ஜனங்களுக்குப் பிரெஞ்சு விளங்காமையால் நியாயஸ்தலங்களில் வழக்குகளை ஆங்கிலத்திலேயே வாதிக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. பாஷை திரும்பி வந்தது. ஆனால் அதன் பழைய சட்டச் சொற்கள் திரும்பவில்லை. பழைய ஆங்கில அகராதியில் காணும் சொற்களில் நூற்றுக்கு 85 அளவில் வழக்கொழிந்தன என்று அறிஞர்கள் கணக்கிடுவர்.

1857-இல் லண்டன் மொழியியல் சங்கத்தார் கருக்கொண்டு 1928-இல் முற்றுப்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி, இறந்த சொற்களுக்கும் இடம் தந்த மகத்தான நூல். ஆயினும் 1150-ஆம் ஆண்டுக்கு முன்பே வழக்கொழிந்த சொற்களை அது தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. அவற்றைத் தேடுவோர் ஜோசப் பாஸ்வொர்த் தொடங்கி, அவர் 1876-இல் மறைந்தபின் நார்த்கோட் டாலர் 1898-இல் நிறைவு செய்த ஆங்கிலோ-சாக்ஸன் அகராதியை நாடலாம். ஆங்கிலம் நன்கு அறிந்த வாசகர்கள் ஏதேனும் பெரிய நூல் நிலையத்தில் அதைக் கண்டால் சிறிது நேரம் புரட்டிப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.