ஆலன் பிரெஸ்காட்

ஆலன் பிரெஸ்காட் (1927–1998) இங்கிலாந்தைச் சேர்ந்த தொழில்முறை ரக்பி லீக் ஆட்டக்காரர். கிரேட் பிரிட்டன் அணியின் தலைவராக இருந்தவர். விட்னஸ் நகரில் பிறந்தார். ஹாலிஃபாக்ஸ் கழகத்தில் ஆடத் தொடங்கிய காலத்தில் பந்தோடு ஓடும் விங் ஆட்டக்காரர். 1949இல் செயின்ட் ஹெலன்ஸ் கழகத்துக்கு மாறியபின், ஸ்க்ரமின் முன்வரிசையில் எதிரணியைத் தோள்கொடுத்துத் தள்ளும் 'ப்ராப்' ஆனார். பருமனான உடல்வாகு இருந்தும் பழைய ஓட்டம் அவரிடம் குறையவே இல்லை.

1953இல் லீக் பட்டம் வென்ற செயின்ட் ஹெலன்ஸுக்குச் சேலஞ்ச் கோப்பை மட்டும் எட்டாமலே இருந்தது. 1956இல் வெம்பிளியில் ஹாலிஃபாக்ஸை 13–2 என வீழ்த்தி அக்கழகம் முதன்முறையாக அதைக் கைப்பற்றியது. தம் பழைய கழகத்துக்கு எதிராக ஆடிய அந்த இறுதிப்போட்டியில் சிறந்த ஆட்டக்காரருக்கான லான்ஸ் டாட் விருது பிரெஸ்காட்டுக்கே கிடைத்தது.

அவர் பெயர் நிலைத்தது 1958 ஜூலை 5 அன்று, பிரிஸ்பேனில். ஆஸ்திரேலியத் தொடரின் முதல் டெஸ்டில் 8–25 எனத் தோற்றிருந்த பிரிட்டனுக்கு இந்த இரண்டாம் டெஸ்டிலும் தோற்றால் தொடர் கைவிட்டுப் போகும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அணித் தலைவரின் வலது முன்கை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்றைய விதியில் இடமில்லை. சிறிது நேரத்தில் சக ஆட்டக்காரர் டேவ் போல்டன் காறையெலும்பு முறிந்து வெளியேற, பதின்மூவர் அணி பன்னிருவராகச் சுருங்கியது. தாமும் போனால் பதினொருவர்தான் என்பது பிரெஸ்காட்டுக்குத் தெரியும். தொங்கிய வலக்கையோடு ஸ்க்ரமில் குனிந்தார். ஓடி வந்தவர்களை இடக்கையால் மடக்கினார். இடைவேளைக்குப் பிறகும் களமிறங்கினார். போல்டனின் இடத்தை முன்னணி ஆட்டக்காரர் வின்ஸ் கராலியஸ் ஏற்க, பக்கத்தில் 19 வயது அலெக்ஸ் மர்ஃபி ஆடினார். பிரிட்டன் 25–18 என வென்றது. சிட்னியில் நடந்த மூன்றாம் டெஸ்டையும் 40–17 என வென்று தொடரைக் கைப்பற்றியது. அதில் பிரெஸ்காட்டால் ஆட முடியவில்லை.

உடைந்த கையோடு ஆடவைத்த விதி கொடியது. இன்று எந்த மருத்துவரும் அதை அனுமதிக்கமாட்டார். ஆயினும் அன்று தம் அணியைக் கைவிடாத அந்த மனவுறுதிக்கு ஈடு சொல்ல இந்த ஆட்டத்தின் வரலாற்றில் அதிகம் பேர் இல்லை. பிரிஸ்பேன் ஆட்டமே அவரது கடைசி டெஸ்டாக அமைந்தது.

பின்னர் செயின்ட் ஹெலன்ஸின் பயிற்சியாளரானார். 1961 சேலஞ்ச் கோப்பை இறுதிப்போட்டியில் அவரது அணி விகனை 12–6 என வென்றது.