கால் வீக்கம்: ஒத்தடமா, கழுவி உயர்த்துவதா?

புதுச்சேரியின் மடுகரை, நெட்டப்பாக்கம், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நெல்லும் கரும்பும் முக்கியப் பயிர்கள். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் வேலை. காலையிலிருந்து சேற்றில் குனிந்து நின்றவர்களுக்குப் பொழுது சாயும்போது கணுக்கால் பருத்திருக்கும். "நீர் கோத்துக்கிச்சு" என்பார்கள். கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழும். இதற்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் வைத்தியம் இரண்டு. ஒன்று, தலைமுறைகளாக வரும் ஒத்தடம். மற்றொன்று, யானைக்கால் நோயாளிகளுக்கு இன்று சொல்லித்தரப்படும் முறை: காலைக் கழுவித் துடைத்து உயர்த்தி வைப்பது. இரண்டுக்கும் பெரிய செலவில்லை; ஆனால் இரண்டும் செய்வது ஒரே வேலை அல்ல.

ஒத்தடத்துக்கு நொச்சி இலையையோ புளிய இலையையோ வதக்கித் துணியில் முடிந்துகொள்வார்கள்; இல்லையென்றால் கல்லுப்பை வறுத்துக் கட்டுவார்கள். சூடு பட்டதும் தசை இளகுகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, வலி குறைகிறது. நாள்பட்ட மூட்டுவலிக்கும் உழைப்பால் இறுகிய தசைக்கும் இந்தச் சுகம் உண்மையானது. கோத்த நீரை மட்டும் அது வெளியேற்றுவதில்லை. உப்புத் தண்ணீரில் கால் வைத்தாலும் நீர் தோல் வழியே இறங்கிவிடாது. சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிவதால் புதுச் சுளுக்கின் வீக்கம் இன்னும் ஏறலாம். அதற்கு முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடமே ஏற்றது.

உயர்த்தி வைப்பது வீக்கத்தின் காரணத்தையே தொடுகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் காலில் உள்ள ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நடக்காமல் ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தள்ளல் குறைந்து, குழாய்களிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. படுத்து, தலையணை அடுக்கிக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்துப் பாதத்தை மேலும் கீழும் அசைத்தால், தேங்கியது திரும்புகிறது. நின்றதால் வந்த வீக்கத்துக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

யானைக்காலில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. புதுச்சேரி இந்த நோயை நன்கு அறிந்த ஊர். 1975-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கொசுவழி நோய் ஆய்வு மையம் இங்கே தொடங்கப்பட்டது. சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவைக் கட்டுப்படுத்தும் பெருமுயற்சி 1981 முதல் 1985 வரை நடந்தது. கொசு வழியே நுழையும் புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுக்கிறது. ஆனால் கால் மேலும் மேலும் பருப்பதற்கு, அடிக்கடி வரும் குளிர்காய்ச்சலும் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும் பெரிய காரணம். அந்தக் காய்ச்சலை உண்டாக்குபவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள். அவை நுழையும் வாசல் விரலிடுக்கில் இருக்கும் சேற்றுப்புண். பிரேசிலின் ரெசிஃபி நகரில் கெருசா ட்ரேயர் என்ற மருத்துவர் 1990-களில் இதை வலியுறுத்தி, கால் கழுவுவதையே சிகிச்சையின் நடுவில் வைத்தார். வெதுவெதுப்பாகக்கூட வேண்டாம், சாதாரணத் தண்ணீரும் சோப்பும் போதும். விரலிடுக்கு ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், புண்ணுக்குக் களிம்பு இட வேண்டும். இந்தக் காலுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுப்பது வீக்கத்தைக் கூட்டிவிடலாம்.

ஆபத்திலும் இரண்டும் சமமில்லை. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவருக்குச் சூட்டின் அளவு தெரியாது. வறுத்த உப்பு மூட்டை தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கிய பிறகே கண்ணில் படும். அந்தப் புண் எளிதில் ஆறாது. இதயம் பலவீனமாகி, படுத்தால் மூச்சு வாங்குகிறவர் மட்டும் காலை உயர்த்துமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தத் தேவையில்லை என்பதற்குக் காசர்கோடு சாட்சி. அங்குள்ள பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனத்தில் யானைக்கால் நோயாளிகளுக்குச் சோப்புக் கழுவலோடு மூலிகை நீரில் கால் ஊறவைத்தலும் யோகாசனமும் அழுத்தக் கட்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மூலிகைக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் சுத்தமும் அழுத்தமும் அசைவும் விட்டுப்போகாமல்.

இரண்டுமே போதாத வீக்கங்களும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை நீவவே கூடாது. கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கித் தலைவலியோ கண்மங்கலோ வந்தால் நீர் இறங்கட்டும் என்று பார்லிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சிரைப்பு, சிறுநீர் குறைதல், காலையில் முகவீக்கம் ஆகியவை இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்கின்றன. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கலாம். மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

ஆக, வலி இருந்தால் ஒத்தடம். நீர் இருந்தால் உயர்த்துதல். சேற்றில் இறங்கிய கால் எதுவானாலும் கழுவித் துடைத்தல். வயலிலிருந்து வந்தவளுக்கு ஒத்தடம் கொடுக்க நொச்சி பறிக்கப் போகிறவர், அதற்கு முன் அவளைச் சற்று நேரம் படுக்க விட வேண்டும். அந்த அரைமணி நேர ஓய்வு அவளுக்குக் கிடைக்கும்படி வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.